கைலாசம் நடத்திய வெர்பு வகுப்பு

விசா வராது என்று கைலாசம் மலைபோல நம்பியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் மூன்றாவது தோசைக்குக் காத்திருந்த நேரம் பார்த்து, அது கூரியரில் வந்து சேர்ந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் சென்னையில் விசா ஆபீசில் மனைவி பூவாத்தாளின் பத்து விரலையும் கண்ணாடி மேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள். அப்போது கைலாசத்துக்கு உள்ளூர ஒரு தெம்பு இருந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கியும் பாத்திரம் விளக்கியும் ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை. கனடாக்காரன் பார்த்துவிட்டு, ‘இந்த அம்மாவுக்கு விரலே இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நினைத்தார். கனடாக்காரனுக்கு ரேகை பார்க்கத் தெரிந்திருக்கிறது.

அவர்களுடைய ஒரே மகள் சண்முகப்பிரியா டொரண்டோவில் இருக்கிறாள். இப்போது ஏழு மாதம். தலைப்பிரசவம் பெற்றவள் பக்கத்தில்தான் ஆக வேண்டும் என்பதில் நாமகிரிப்பேட்டையில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. மகளை விமானத்தில் ஏற்ற டாக்டர் ஒப்பவில்லை. அதனால் தாய் போக வேண்டும். கைலாசமும் கூடப் போகலாம்தான். ஆனால் கட்டுத்தரையில் செவலைப் பசு நிற்கிறது, இருபது கோழி மேய்கிறது. அதெல்லாம் போக, ஏற்காட்டு பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவர் அவர். விமானம் என்ற பேச்சை எடுத்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

கைலாசம் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அவருக்கு இருந்ததெல்லாம் பயம். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் பூவாத்தாள் ஒரே ஒரு தடவை, தங்கை மகன் கல்யாணத்துக்கு, மூன்று நாள் வெளியூர் போனாள். அந்த மூன்று நாளும் மனிதர் பேக்கரி முட்டை பப்ஸும் வாழைப்பழமும் தின்றே உயிரைப் பிடித்துவைத்திருந்தார். அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்துத் தோற்றார். உப்பு என்று நினைத்து மோரில் சர்க்கரை போட்டார். சர்க்கரை என்று நினைத்து, கடையில் வாங்கிவந்த டீயில் ரவை போட்டார். மாட்டைப் பக்கத்து வீட்டுச் சின்னாயிதான் வந்து கறந்துகொடுத்தாள். மூன்றாம் நாள் பொழுதோடு பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்று மனைவியின் பையை வாங்கியபோது அவர் கண் கலங்கியிருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மூன்று நாளுக்கே அந்தப் பாடு. இது மூன்று மாதம்.

‘போகாதே’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மகள் முகத்தில் எப்படி முழிப்பது? மூன்றாவது தோசையை மென்றுகொண்டே கைலாசம் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தான் ஒன்றும் சொல்ல வேண்டாம். இங்கிலீஷ் சொல்லட்டும்.

“ஏனுங்க, விசா வந்துருச்சுங்களா?” பூவாத்தாள் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“வந்துச்சு, வந்துச்சு. விசா வந்துட்டா ஆச்சா? இங்கிலீசு வருமா உனக்கு?”

“இங்கிலீசு எதுக்குங்க? புள்ளை தமிழ்லதானுங்களே பெத்துக்கப்போறா.”

“வெளையாடாத பூவாத்தா. துபாய்ல விமானம் மாத்தோணும். நம்ம ராசிபுரம் பஸ் ஸ்டாண்டாட்டம் நூறு பஸ் ஸ்டாண்டு சேந்தது அது. எந்தப் பக்கம் போறதுன்னு யாரைக் கேப்பே? எப்படிக் கேப்பே? சரி, போயிச் சேந்துட்டே. ஆஸ்பத்திரில நர்சு வந்து ‘புஷ்’ங்கறா. நீ என்ன பண்ணுவே?”

“புஷ்ஷுன்னா என்னுங்க?”

“பாத்தியா!” என்றார் கைலாசம். அவருக்கு நாலாவது தோசையும் இறங்கும் போலிருந்தது.

“அப்ப என்னுங்க பண்றது?”

“இங்கிலீசுங்கறது லாரி மாதிரி. அதுல வெர்புதான் என்ஜினு. மத்ததெல்லாம் சும்மா லோடு. நூறு வெர்பு கத்துக்கோ. அர்த்தம் தெரியோணும், உபயோகம் தெரியோணும். நாப்பது நாள் டைம். நானே சொல்லித்தாரேன், நானே பரீட்சை வெக்கறேன். பாஸானா டிக்கெட்டு. பெயிலானா மாப்பிள்ளை அங்கயே ஒரு ஆளைப் பாத்துக்கட்டும்.”

பூவாத்தாள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். அதற்கப்புறம் அவள் படித்ததெல்லாம் கைலாசத்தைத்தான்.

“நாப்பது நாளுங்களா? சரிங்க” என்றாள்.

இங்கேதான் கைலாசம் உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் பூவாத்தாள் இவ்வளவு சீக்கிரம் ‘சரிங்க’ என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். ‘இந்த ஊட்டுல மாடு கீடெல்லாம் வேண்டாம்’ என்று அவர் அடித்துச் சொன்ன அன்றைக்கு. அந்த மாடுதான் இப்போது கட்டுத்தரையில் நிற்கிறது.

கைலாசத்தின் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நாக்பூருக்கும் கட்டாக்குக்கும் கடிதம் எழுதிய கை அது. தெருவில் யாருக்கு பேங்கிலிருந்து கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படிப்பார். படித்து முடித்துவிட்டு, “ஒண்ணுமில்லை, எதுக்கும் நேர்ல போயி ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்பார். அந்த வீதிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் நாள் வகுப்பில் தன் கையிருப்பிலேயே கடினமான சரக்காகப் பார்த்து இறக்கினார்.

“அக்னாலெட்ஜ். சொல்லு.”

“அக்குநாலு...”

“அக்னாலெட்ஜ்! பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கறது. உபயோகம் சொல்றேன், எழுதிக்கோ. வி அக்னாலெட்ஜ் தி ரிசீப்ட் ஆஃப் யுவர் லெட்டர். அடுத்தது கன்சைன். அப்பறம் டிஸ்பேட்ச்.”

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாவது நாள் பூவாத்தாள், மகள் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய இங்கிலீஷ் வினைச்சொல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க, புள்ளைக்கு இடுப்பு வலி வாரப்ப இந்த அக்குநாலட்சை எங்கீங்க உபயோகிக்கறது?”

கைலாசம் யோசித்தார். இடம் கிடைக்கவில்லை.

“அங்க போயி நான் ஊட்டுக்குள்ளதானுங்க இருக்கப்போறேன். சமைக்கறது, தொவைக்கறது, கூட்டறது. அதுக்கு வேணுங்கற வெர்பா இதுல நூறு குறிச்சு வெச்சிருக்கேன். இதையே சொல்லிக்குடுங்க.”

கைலாசம் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். எந்த வெர்பாக இருந்தால் என்ன, ஏறாத மண்டையில் எதுவும் ஏறாது என்று சமாதானம் செய்துகொண்டு முதல் சொல்லைப் பார்த்தார்.

“பாயில். கொதிக்க வைக்கறது. உபயோகம், தி என்ஜின் பாயில்டு அட் தொப்பூர்.”

“என்ஜினைக் கொதிக்க வைக்கோணுமுங்களா?”

“அது உதாரணம்!”

“காதுல கேட்டா எனக்குத் தங்கறதில்லீங்க. கண்ணுல பாத்தாத் தங்கும். சித்த செஞ்சு காட்டுங்களேன்.”

வாத்தியார் என்று வந்தபிறகு பின்வாங்க முடியுமா? கைலாசம் சமையலறைக்குள் நுழைந்தார். கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினார். லைட்டர் கிடைத்தபோது, முதலில் கேஸை மூடச் சொன்னாள் பூவாத்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். லைட்டரைத் தட்டிக்கொண்டே திருகச் சொன்னாள். அடுப்பு எரிந்தது. பால் பாத்திரத்தை வைத்துவிட்டு, வெர்பின் பெருமையைப் பற்றி அவள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் உஸ் என்று சத்தம் கேட்டது.

“இதுதான் பாயில்!” என்று கையை நீட்டினார்.

“பாலை அடுப்பு மேல ஊத்தறதுங்களா?”

“இது ஓவர் பாயில்.”

“அப்ப இதைத் தொடைக்கறதுக்கு என்ன வெர்புங்க?”

“வைப்.”

“அதையும் காட்டிப்போடுங்க.”

துடைத்தார். துடைத்த துணியைக் கசக்கவும் ஒரு வெர்பு இருந்தது. அலசவும் ஒன்று இருந்தது. பிழியவும், காயப்போடவும் இருந்தன. ஒரு டம்ளர் பாலில் ஆறு வெர்பு முடிந்ததில் கைலாசத்துக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஆவலோடு கேட்டார். “பாயில்னா என்ன?”

பூவாத்தாள் நெற்றியைச் சுருக்கினாள். “மூடி வெக்கறதுங்களா?”

கைலாசத்துக்கு மனசு குளிர்ந்தது. ஒரு பாயிலே இரண்டு நாளாக ஏறவில்லை என்றால் நூறு வெர்பு எந்தக் காலத்தில் ஏறும்? “பரவால்ல, மறுபடியும் காட்டறேன்” என்று துள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இந்தத் தடவை பால் பொங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கேட்பதற்கு முன்பே பாலைக் காய்ச்சிவைத்துவிட்டுக் கேட்டார். அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் எத்தனை தடவை மறந்தாளோ அத்தனை தடவை கைலாசம் சந்தோஷமாகச் செய்துகாட்டினார். ஒரு மாணவி பெயிலாவதற்காக இவ்வளவு பாடுபட்ட வாத்தியார் சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவிலும் இருந்திருக்க மாட்டார்.

இரண்டாவது வாரம் அவர் வாசலில் விளக்குமாறும் கையுமாக நின்றபோது பக்கத்து வீட்டுச் சின்னாயி மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, நீங்களா கூட்டறீங்க?”

“கூட்டல சின்னாயி. இது ஸ்வீப்.”

“அதென்னமோ, குப்பை போகுதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அரிசியும் உளுந்தும் ஊறவைக்க ஒரு வெர்பு. எத்தனை படிக்கு எத்தனை என்பது அதன் உபயோகம். நாலு மணி நேரம் கழித்து ஆட்டுவதற்கு ஒரு வெர்பு. கிரைண்டர் சுற்றும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது உபயோகத்தில் சேர்ந்தது. ஆட்டி முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைலாசம் சொன்னார், “அடுத்தது ஃபெர்மென்ட். புளிக்கறது. இதுக்கு நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம். சும்மா கெடந்தாப் போதும்.”

“இந்த வெர்பு உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களே” என்றாள் பூவாத்தாள்.

இருபதாவது நாள் வாக்கில் புத்தகத்தில் ஒரு சொல் வந்தது. அதைப் பார்த்ததும் கைலாசம் புத்தகத்தை மூடினார்.

“மில்க் வெர்பு இல்லை. மில்க்னா பாலு. அது பொருளு.”

“வெர்புன்னு போட்டிருக்குதுங்க. கறக்கறதாம்.”

திறந்து பார்த்தார். போட்டிருந்தது. புத்தகம் எழுதியவர்மேல் அவருக்குக் கோபம் வந்தது. “சரி, இதை நான் வேற காட்டோணுமா? நீதான் தெனம் ரெண்டு வேளையும் கறக்கறயே.”

“நான் தமிழ்லதானுங்க கறக்கறேன்.”

கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார். செவலை திரும்பிப் பார்த்தது. ஆறு வருடமாகத் தன்னைத் தாண்டிப் போகிற ஆள் இன்றைக்குத் தன் காலடியில் உட்காருவதை அது ரசிக்கவில்லை. பூவாத்தாள் தள்ளி நின்று, கன்றை முதலில் மடியில் ஊட்டவிடச் சொன்னாள். ‘அதெல்லாம் தமிழுக்கு’ என்று சொல்லிவிட்டு அவர் நேராக மடியில் கை வைத்தார். அடுத்த நொடி பாத்திரம் ஒரு பக்கமும் வாத்தியார் ஒரு பக்கமும் கிடந்தார்கள்.

“ஐயோ, அடி கிடி பட்டுருச்சுங்களா?” பூவாத்தாள் ஓடி வந்து தூக்கினாள். முழங்கையில் சாணியைத் துடைத்துவிட்டாள். எலும்பு சேதமில்லை என்று தெரிந்தபிறகு மெல்லக் கேட்டாள், “இதுக்கென்ன வெர்புங்க?”

“கிக்” என்றார் கைலாசம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

“இதை மறுக்காக் காட்ட வேண்டாமுங்க. நல்லாப் புரிஞ்சிருச்சு.”

அவள் முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். மில்க் மட்டும் புரியவே இல்லை. அதனால் கைலாசம் தினமும் கட்டுத்தரைக்குப் போனார். கன்றை ஊட்டவிட்டார். மடியைக் கழுவினார். செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து நாமக்கல் ஆபீஸ் கதையெல்லாம் சொன்னார். ஐந்தாம் நாள் அரை லிட்டர் வந்தது. பத்தாம் நாள் நுரை ததும்ப இரண்டு லிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. இந்த நடையைச் சின்னாயி வீட்டு மதில் வரைக்கும் ஒரு தடவை நடந்துகாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பூவாத்தாள் மத்தியான வேளைகளில் சுக்கும் ஓமமும் வறுத்து இடித்துப் பிரசவ மருந்து தயார் செய்ய ஆரம்பித்தாள். அந்த வாசனை வீடு முழுக்க நிறைந்தது. வகுப்பில் ஒரு வெர்பு கூடத் தெரியாமல் முழிக்கிறவள், போகப்போவதைப் போலவே மருந்தைச் சலித்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். கைலாசத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“பெயிலாயிட்டா இதை என்ன பண்ணுவே?”

“பார்சல்ல அனுப்பிக்கலாமுங்க.” அவள் சலிப்பதை நிறுத்தவில்லை. “புள்ளை நேத்துப் போன்ல அழுதாளுங்க. பயமா இருக்குதும்மாங்கறா. அவ பொறந்தப்ப எனக்கு எங்கம்மா ரெண்டு நாள் கையைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தாங்க. அதைச் சொன்னேன். இன்னும் அழுதா.”

கைலாசம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெற்ற மகள் பயந்து அழுகிறாள், தான் இங்கே பாலைப் பொங்கவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனால் ஆளில்லாத சமையலறையை நினைத்ததும் அந்த ரவை டீயின் ருசி நாக்குக்கு வந்தது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத சாயங்காலங்களை நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது. டீயையாவது கடையில் குடித்துக்கொள்ளலாம். கடைசியில் தனக்குத்தானே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பரீட்சையில் சுலபமான வெர்பாகக் கேட்பது. அவளே பாஸாகிவிட்டால், ஆண்டவன் விட்ட வழி என்று அனுப்பிவைப்பது.

நாற்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கே பூவாத்தாள் குளித்து முழுகித் தயாராக நின்றாள்.

“கடேசியா ஒருக்கா நூறையும் வரிசையாக் காட்டிப்போடுங்க. போன்ல புடிச்சுக்கறேன். அதைப் பாத்தாவது ஞாபகம் வருதான்னு பாக்கலாம். அப்பறமாக் கேள்வி கேளுங்க.”

நியாயமான வேண்டுகோள். கைலாசம் கட்டுத்தரையில் தொடங்கினார். அவள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சாணி அள்ளினார், பால் கறந்தார், கோழிக்குத் தீனி போட்டார், வாசல் தெளித்துக் கூட்டினார். உள்ளே வந்து டீ போட்டார். முந்தின நாள் தானே ஆட்டிவைத்த மாவில் இட்லி ஊற்றி, தேங்காய் துருவிச் சட்னி அரைத்து, கடுகு பொரியக் கொட்டினார். பரிமாறிவிட்டுத் தானும் ஆறு இட்லி சாப்பிட்டார். பாத்திரம் விளக்கினார். துணி துவைத்து உலரப்போட்டு, நேற்றுக் காய்ந்ததை மடித்துவைத்தார். மாத்திரை டப்பாவை எடுத்து, காலைக்கான பிரஷர் மாத்திரையை அவரே பிரித்து விழுங்கினார். அதுவும் ஒரு வெர்புதான். எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு பொருள் உடையவில்லை.

பூவாத்தாள் போனை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கைலாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“ஈட்.” சொல்லிக்கொண்டே கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

“பல்லு வெளக்கறதுங்களா?”

“நல்லா யோசிச்சுச் சொல்லு பூவாத்தா. சரி, வேற. ஸ்லீப்.” தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் குறட்டையும் விட்டுக்காட்டினார்.

“தெரியலீங்க.”

“கம்?” கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்.

“போன்னு சொல்றீங்களா?”

நூறும் கேட்டு முடித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. நூற்றுக்கு ஒன்று. கிக் மட்டும் சரி. ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தைக் காணோம். எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார்.

“பூவாத்தா, நீ பெயிலு. அது கெடக்குது. நான் ஒரு உண்மையைச் சொல்லிப்போடறேன். இங்கிலீசெல்லாம் சும்மா சாக்கு. நீ போயிட்டா நான் எப்படி இருப்பேன்னு தெரியல. பயமா இருக்குது. எனக்கு உன்னை உட்டா ஒண்ணும் தெரியாது.”

“யாரு சொன்னா?” என்று ஒரு குரல் கேட்டது. பூவாத்தாள் வாயைத் திறக்கவில்லை. குரல் அலமாரியிலிருந்து வந்தது.

கைலாசம் திரும்பிப் பார்த்தார். போனுக்குள் சண்முகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். டொரண்டோவில் அப்போது சனிக்கிழமை ராத்திரி வெகுநேரம் ஆகியிருந்தது. சாப்பிட்ட தட்டு இன்னும் மடியிலேயே இருந்தது.

“நீ எப்ப வந்தே சாமி?”

“நீங்க சாணி அள்ளறப்பவே வந்துட்டேன்ப்பா. மூணு மணி நேரமா ஒண்ணு விடாமப் பாத்துட்டு இருக்கேன். நூறுக்கு நூறு. பாஸ்.”

“யாரு பாஸு? உங்கம்மா ஒரே ஒரு மார்க்கு!”

“அம்மாவுக்கு யாருப்பா பரீட்சை வெச்சா?”

கைலாசத்துக்கு வீடே ஒரு தடவை சுற்றி நின்றது. பூவாத்தாள் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எனக்கு எதுக்குங்க இங்கிலீசு? விமானத்துக்காரங்ககிட்ட வீல்சேர் கேட்டு எழுதிப்போட்டாச்சு. உக்காந்தா அவங்களே தள்ளிட்டுப் போயி அடுத்த விமானத்துல ஏத்தி உட்டுருவாங்களாம். வாயே தொறக்க வேண்டாமாம். ஓமலூர்க்காரம்மா ஒருத்தங்க மகன் ஊட்டுக்கு அதே விமானத்துல வாராங்க, பேச்சுத்தொணைக்கு ஆச்சு. ஆஸ்பத்திரில மாப்பிள்ளை பாத்துக்குவாரு. விசா வந்த அன்னிக்கே டிக்கெட்டுப் போட்டாச்சுங்க. வார புதங்கெழமை.”

“அப்ப இந்த நாப்பது நாளு?”

“உங்களைத் தனியா உட்டுட்டுப் போக எனக்குத்தானுங்க பயம்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “முட்டை பப்ஸைத் தின்னுட்டுக் கெடப்பீங்க. அடுப்புப் பத்தவைக்கக் கத்துக்குங்கன்னு நான் சொன்னா நீங்க கத்துக்குவீங்களா? எனக்குச் சொல்லிக்குடுங்கன்னு சொன்னேன், கத்துக்கிட்டீங்க.”

கைலாசம் தண்ணீரைக் குடித்தார். கோபம் வருமா என்று பார்த்தார். வரவில்லை. இத்தனை நாளாகத் தனக்காக ஒருத்தி முட்டாளாக உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கூடவே, நூற்றுக்கு நூறு என்பதும் இறங்கியது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் அவர் அந்த மார்க்கைப் பார்த்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

“சரி, போயிட்டு வா. ஒண்ணும் வெசனப்படாத. செவலையை நான் பாத்துக்கறேன், ஊட்டை நான் பாத்துக்கறேன். மூணு மாசந்தானே? கண்ணை மூடிக் கண்ணைத் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்.”

போனுக்குள் மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள்.

“மூணு மாசத்துக்குத்தானுங்க போட்டிருந்தோம்” என்றாள் பூவாத்தாள். “நேத்து நீங்க வெச்ச ரசத்தைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் ஆறா மாத்தினோம்.”